அளவெட்டிவரை தள்ளிய சைக்கிள்

யாழ்ப்பாணத்துக்கு என்னை அனுப்பிவைத்தது எழுத்துப் பிழைகள்தான். மெட்ராஸில் ஒரு பதிப்பகத்தில் பதினாலு வருஷமாகப் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அளவெட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், கோயில்களில் நாயனமும் தவிலும் வாசித்தவர்களைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் எங்களிடம் அச்சுக்கு வந்திருந்தது. தபாலில் புரூஃப் போய்த் திரும்ப மாதக்கணக்காயிற்று. போன பக்கம் ஒன்று, வந்த பக்கம் வேறு. "யாராவது நேரில் போய் உட்கார்ந்து முடித்துக்கொண்டு வாருங்கள்" என்றார் முதலாளி. நான் போகிறேன் என்றேன். பெண்பிள்ளை தனியாகச் சமாளிப்பாயா என்று கேட்டார். எல்லாம் சமாளிப்பேன் என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அது எனக்கு எப்போதும் இரண்டு எட்டு முன்னால் போகும்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதக் கடைசி. மூன்று வாரத்துக்குத்தான் விசா. அந்த மூன்று வாரத்துக்குள் புத்தகத்தை முடிக்காமல் திரும்பினால், இனி எந்த வேலைக்கும் என்னை வெளியே அனுப்பமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

போஸ்ட்மாஸ்டர் மனைவியை இழந்து தனியாக இருப்பவர், அங்கே தங்குவது சரிப்படாது என்று திருநெல்வேலியில் அவருக்குத் தெரிந்த செல்வராணி அக்கா வீட்டில் அறை ஏற்பாடாகியிருந்தது. நம் ஊர்த் திருநெல்வேலி இல்லை, இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அல்வா கிடைக்குமா என்று கேட்டு முதல் நாளே வீட்டாரைச் சிரிக்க வைத்தேன். அல்வாவுக்குப் பதில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வந்தன. சொதியை ரசம் என்று நினைத்து டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டேன். செல்வராணி அக்கா மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன். அவ்வளவு ருசி.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அது சுன்னாகத்தில் நின்றது. எதற்காக நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் இறங்கித் தேத்தண்ணி குடித்தார், பிறகு கண்டக்டர் குடித்தார், பிறகு எஞ்சின் தண்ணீர் குடித்தது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் நிதானமாகச் சொன்னார்: "கல்யாணத்துக்கெண்டால் முதல் நாள் பஸ்ஸிலை ஏற வேணும்." அளவெட்டியில் போய் இறங்கியபோது ஒன்பதேகால்.

போஸ்ட்மாஸ்டர் வாசல் படலையில் நின்றார். அறுபத்திரண்டு வயது, ஒல்லி, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. கையில் மண்வெட்டி.

"பிள்ளை, ஆறு தொடக்கம் ஒன்பது. அதுக்குப் பிறகு நான் புகையிலைத் தோட்டக்காரன். உங்களாலை நேரத்துக்கு வரேலாதெண்டால் சொல்லுங்கோ, புத்தகத்தை இஞ்சை ஆரும் அச்சடிக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். அதுவும் சுன்னாகத்தில் நின்றது.

செல்வராணி அக்காவின் கணவர் குணம் அண்ணை கதையைக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டார். "எட்டு மைல். ஒரு சைக்கிள் இருந்தால் ஒரு மணித்தியாலம். இதுக்கென்ன யோசினை? வாங்கோ கடைக்கு."

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குச் சைக்கிள் தெரிவு செய்வது பெண் பார்ப்பதைவிடப் பெரிய காரியம். கடைக்காரரும் குணம் அண்ணையும், காற்று அடிக்க வந்து அப்படியே நின்றுவிட்ட இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு தூணருகே நிறுத்தினார்கள். என் முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்து, விரல் நுனி ஹாண்டிலைத் தொடுகிறதா என்று பார்த்தார்கள். இருபத்திரண்டு அங்குலம் பெரிது என்று ஒருவர், இருபது சின்னது என்று இன்னொருவர். சேலைக்குக் குறுக்கு பார் இல்லாததுதான் சரி என்றார் கடைக்காரர். பார் இல்லாவிட்டால் சட்டம் ஆடும் என்றார் குணம் அண்ணை. முன்பக்கத்தைத் தூக்கி நிலத்தில் போட்டு, எங்காவது கடகடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். சில்லைச் சுழற்றி ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டம் பார்த்தார்.

கடைசியில் குறுக்கு பார் இல்லாத கறுப்புச் சைக்கிள் ஒன்று முடிவாயிற்று. பழையதுதான், ஆனால் செயின் கவர் உண்டு, பின்சில்லில் சேலை சிக்காமல் வலை உண்டு, டைனமோ உண்டு. நான் ஊருக்குப் போகும்போது கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. "சீட்டை உயர்த்திவிடுங்கோ. காலை நீட்டி உழக்கினாத்தான் களைக்காது" என்றார் குணம் அண்ணை. சீட்டு உயர்ந்தது. அண்ணையே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரிப் போகுது" என்று என் கையில் கொடுத்தார்.

இவ்வளவு பேர், இவ்வளவு நேரம், இவ்வளவு கேள்வி. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?

தெரியாது. முப்பத்தெட்டு வயதுவரை நான் ஒரு சைக்கிளில் உட்கார்ந்ததுகூட இல்லை. மெட்ராஸில் என் வயதுப் பெண் சேலையோடு சைக்கிள் ஏறினால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். இங்கே டீச்சர்கள், நர்சுகள், தலையில் பூ வைத்த புதுப்பெண்கள், எல்லோரும் முதுகு நிமிர்த்தி மணியடித்துக்கொண்டு போகிறார்கள். வளர்ந்த ஒரு மனுஷிக்கு ஓடத் தெரியாமல் இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றாது. தெரியாது என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. எல்லாம் சமாளிப்பேன் என்று சொன்ன வாயாயிற்றே, அது வெளியே வரவில்லை.

செவ்வாய் காலை நாலரைக்கு, டார்ச் வெளிச்சத்தில், சோற்றுப் பொதியைக் கரியரில் கட்டி, "ஒழுங்கை முடியட்டும், ஏறிக்கொள்கிறேன்" என்று செல்வராணி அக்காவிடம் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். ஒழுங்கை என்கிற சந்து முடிந்தது. கோண்டாவில் முடிந்தது. தள்ளிக்கொண்டே இருந்தேன். எட்டு மைலையும் நடந்தே தீர்ப்பது என்று முடிவு. எப்படியும் ஏழேகாலுக்குப் போய்விடலாம், ஒன்றேமுக்கால் மணி நேரமாவது கிடைக்கும்.

ஆனால் விடிந்த பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவரை இந்த ஊர் சும்மா விடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. முதலில் ஒரு டீச்சர் இறங்கினார். "காத்துப் போட்டுதோ?" ஆமாம் என்றேன். அவர் குனிந்து டயரைப் பெருவிரலால் அழுத்தினார். "காத்து இருக்குதே, அக்கா." அப்படியானால் செயினாக இருக்கும் என்றேன். அவர் போய் ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஒருவர் இவர்கள் சாரம் என்று சொல்லும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கேட்காமலே செயின் கவரைக் கழற்றப் பார்த்தார். இவருக்குப் பிரேக் என்று சொன்னேன். பிரேக் பிடிக்காவிட்டால் ஓடலாமே, நிறுத்தத்தானே முடியாது என்று அவர் நியாயம் கேட்டார். ஒரு வீட்டிலிருந்து காற்றடிக்கும் பம்பே படலைக்கு வந்துவிட்டது. மெட்ராஸில் நான் ரோட்டில் மயங்கி விழுந்தாலும் இத்தனை பேர் வரமாட்டார்கள். இவர்களுடைய நல்ல மனசுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அளவெட்டி போய்ச் சேர எட்டாகிவிட்டது.

"பங்சர், ஐயா" என்றேன். போஸ்ட்மாஸ்டர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயை விரித்தார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது பக்கம். அவர் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார். ஒற்றுக்கு ஒற்று வழக்காடினார். நானும் விடவில்லை. உண்மையில் வழக்காடி வேலை செய்வது எனக்குப் பிடிக்கும்.

புதன், வியாழன் இதே கதை. வெள்ளிக்கிழமை இணுவிலில் வைத்து என் பொய்கள் ஒன்றையொன்று சந்தித்தன. செயின் என்று நான் சொல்லியிருந்த டீச்சரும், பிரேக் என்று சொல்லியிருந்த சாரக்காரரும் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டார்கள்.

"உந்தச் சைக்கிளிலை எல்லாமே பழுதெல்லோ. ஆர் உங்களுக்கு வித்தது? வாங்கோ, போய்க் கேப்பம்" என்றார் சாரக்காரர். உண்மையிலேயே கோபமாக இருந்தார்.

கரியரில் மீன்பெட்டி கட்டிய மூன்றாவது ஒருவர் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளும் என்னைத் தாண்டிப் போனவர் அவர், அரியாலையிலிருந்து இணுவில் பக்கம் மீன் விற்க வருகிறவர். பெயர் யோகராசா. "நீங்கள் போங்கோ, நான் பாத்துக் குடுக்கிறன்" என்று மற்ற இரண்டு பேரையும் அனுப்பிவைத்தார். பிறகு குந்தி இருந்து என் பெடலைச் சுட்டிக்காட்டினார். ரப்பரில் கடைக்காரர் துடைத்த மினுக்கம் அப்படியே இருந்தது.

"அக்கா, ஒண்டு கேட்டால் கோவிக்கப்படாது. உங்களுக்கு ஓடத் தெரியாதோ?"

நடு ரோட்டில், சேலையெல்லாம் செம்மண்ணோடு, எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாது என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று. அவர் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நாளைக்குப் பின்னேரம் அரியாலைக்கு வாங்கோ. எங்கடை தரவை கிடக்கு. விழுந்தாலும் நோகாது. என்ரை மனிசி பழக்குவா."

சனிக்கிழமை நான் பஸ்ஸில் அரியாலைக்குப் போனேன். யோகராசா தன் சைக்கிளில் ஏறி, ஒரு கையால் என் சைக்கிளையும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்விட்டார். தரவை என்பது கடல்நீரேரி வற்றியதும் வெளியே வரும் வெட்டைவெளி. பங்குனி வெயிலில் காய்ந்து, பாய் விரித்தது போலத் தட்டையாகக் கிடந்தது. மரமில்லை, மதில் இல்லை. தூரத்தில் இரண்டு பேர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டிக்கொள்வதற்கு எதுவுமே இல்லை என்பதைப் பார்த்ததும் பாதி பயம் போயிற்று.

யோகராசாவின் மனைவி தவமணி என்னைவிடப் பத்து வயது சின்னவள். வந்ததும் வராததுமாக ஸ்பானரை எடுத்துச் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினாள். "ஆர் இதை இவ்வளவு உயர்த்தினது? உயரம் பழகினாக்களுக்கு. உங்களுக்கு ரெண்டு காலும் நிலத்திலை முட்ட வேணும்." என் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டாள். "உழக்காதேங்கோ. இருந்துகொண்டு காலாலை தள்ளி உருளுங்கோ. உருளப் பழகினால் உழக்கிறது தன்ரை பாட்டிலை வரும்."

உருண்டேன். வாத்து நடப்பது போல இரண்டு காலையும் போட்டுத் தள்ளித் தள்ளி உருண்டேன். இடது பக்கம் விழுந்தேன். எழுந்து வலது பக்கம் விழுந்தேன். "நிலத்தைப் பாக்காதேங்கோ அக்கா, நிலம் எங்கையும் போகாது" என்று தவமணி பின்னால் ஓடி வந்தாள். வலைக்காரர்களில் ஒருவர் மற்றவரிடம் சொல்வது காற்றில் வந்தது: "விழுறா, ஆனால் வடிவா விழுறா."

ஞாயிறு பின்னேரம் அது நடந்தது. எப்போது காலைத் தூக்கிப் பெடலில் வைத்தேன் என்று தெரியாது. காற்று முகத்தில் அடித்தது. கீழே தரவை தானாக ஓடிற்று. ஒரு பெரிய வட்டம், இன்னொரு பெரிய வட்டம். முப்பத்தெட்டு வருஷமாக இதை என்னிடம் யாரோ மறைத்து வைத்திருந்தது மாதிரி கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நிறுத்துவது எப்படி என்று கேட்க மறந்ததால் நேராகக் கடல்நீரேரிக்குள் போனேன். முழங்காலளவு தண்ணீரில் சைக்கிளோடு நின்றுகொண்டு நான் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஒடியல் கூழ். நண்டு, மீன், பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் போட்டுப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சியது. பனையோலையை மடித்துக் கையில் கொடுத்து ஊற்றினார்கள். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுகின. மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

திங்கள் காலை நாலேமுக்காலுக்கு ஒழுங்கை முடிவில் உண்மையாகவே ஏறினேன். இணுவிலில், விடியற்காலைக் கோயிலுக்குப் போகிற டீச்சர் டைனமோ வெளிச்சத்தில் எதிரே வந்தார். மணியடித்தேன். "எல்லாம் சரியாக்கியாச்சோ?" என்று போகிற போக்கில் கேட்டார். ஓம் என்று நானும் அவர்கள் பாஷையில் கத்தினேன். சுன்னாகத்தில் வேறெங்கோ போகும் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போன சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போஸ்ட்மாஸ்டரின் படலையைத் தட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு ஆகேல்லை" என்றார். பத்து நிமிஷம் வெளியே நின்றேன். எங்கோ ஒரு வீட்டில் யாரோ நாயனத்தில் ஒரே ஒரு பிடியைத் திரும்பத் திரும்பச் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். பத்து நிமிஷமும் காதுக்குப் போதவில்லை.

அதன் பிறகு வேலை பறந்தது. நாளுக்கு நாற்பது பக்கம். படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை உறுத்தியது. அளவெட்டி, மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் கோயில்களில் யார் எந்தத் திருவிழாவில் என்ன ராகம் வாசித்தார்கள், எந்த இடத்தில் சனம் எழுந்து நின்றது என்பதுவரை கண்முன்னே நடப்பது போல எழுதியிருந்தார். ஆனால் நல்லூர் இல்லை, பருத்தித்துறை இல்லை, சாவகச்சேரி இல்லை. 'இவை ஏன் விடுபட்டன?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். மறுநாள் அது அழிக்கப்பட்டிருந்தது. மறுபடி எழுதினேன்.

"நான் கேட்ட மேளத்தைத்தான் எழுதுவன். மற்றாக்கள் சொன்னதை எழுதமாட்டன்" என்றார். குரல் கடுத்தது.

"ஏன் ஐயா நீங்கள் போய்க் கேட்கவில்லை?"

"மேளம் களைகட்டச் சாமம் ஆகும். கடைசி பஸ் எட்டு மணிக்குப் போயிடும்."

சைக்கிள் இல்லையா என்று கேட்க வாயெடுத்தவள், கூரை இறவாணத்தின் கீழே நின்ற அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். முப்பது வருஷச் சைக்கிளாம். ஊரில் எல்லோரும் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்: போஸ்ட்மாஸ்டர் அதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறவர், டயர் தேயுமென்று பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் போவார் என்று. நான் எழுந்து பக்கத்தில் போனேன். இடது கைப்பிடி தேய்ந்து மழமழவென்றிருந்தது. வலது கைப்பிடி தேயவில்லை. சீட்டின் முனை, உருட்டும்போது கை பிடிக்கும் இடம், கறுத்து மினுங்கியது. குனிந்து பெடலைப் பார்த்தேன். ரப்பரின் வரிகள் கடையில் வாங்கியபடி இருந்தன.

நாலு நாள் சைக்கிள் தள்ளியவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சொந்தமாகச் சைக்கிள் வைத்திருப்பவரை யாரும் தங்கள் கரியரில் ஏறச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஐந்நூறு பக்கப் புத்தகமும் அவர் கால் நடந்து திரும்பக்கூடிய தூரத்துக்குள் எழுதப்பட்டிருந்தது.

பாயில் வந்து உட்கார்ந்தேன். யோகராசா கேட்டது போலவே கேட்டேன். "ஐயா, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

சிவப்புப் பேனாவை மூடினார். நீலப் பேனாவை மூடினார். பச்சைப் பேனாவை மூடினார். 

"அறுபத்திரண்டு வருசம். ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை."

நான் புறப்பட இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆறிலிருந்து எட்டுவரை புரூஃப், எட்டிலிருந்து ஒன்பதுவரை புகையிலை வெட்டி முடிந்த தோட்டத்துக்குப் பின்னால் இருந்த வண்டிப்பாதை. என் சைக்கிள்தான், சீட்டு அடிமட்டத்தில். வேட்டியை மடித்துக் கட்டிய போஸ்ட்மாஸ்டர் வாத்து போல உருண்டார். விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே என் சொல்லைத் திருத்தினார்: "'தள்ளுங்க' எண்டு சொல்லாதேங்கோ, 'தள்ளுங்கோ'." மூன்றாம் நாள் முழங்கையில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு ஆறு மணிக்குப் படலையில் காத்து நின்றார். நிலத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பிழை பார்க்கத் தெரியும், புத்தகம் அடிக்கத் தெரியும், இப்போது ஒருவரைச் சைக்கிளில் பிடித்துக்கொண்டு ஓடவும் தெரியும் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி நாள் அவர் அந்தப் பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனார். அங்கே இறங்காமல் திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை, அவ்வளவு கவனம். என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் மணியடித்தார்.

பிறகு காலைக் கழுவிக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தார். மிச்சம் இருந்தது முகப்புப் பக்கம் ஒன்றுதான். புத்தகத்தின் பெயர், கீழே அவர் பெயர். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து, இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்து, சின்ன எழுத்தில் எதையோ சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்றார்.

முதற் பாகம் என்று எழுதியிருந்தது.

தொழில் வழக்கப்படி இரண்டு தடவை வாசித்தேன். பிழை இல்லை ஐயா என்றேன்.